நியோன் எரியாத நாளும் எரிந்த நாளும்

பதுளையில் மின்வேலைக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். போனேன். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, "ஐயா, உங்க காலத்துல நல்ல மீட்டர் எல்லாம் இருக்காதே. அந்தச் சிவப்பு லைட் டெஸ்டர நம்பியா கரண்டத் தொட்டீங்க?" என்று கேட்டார். கேட்டதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அங்கேயே அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் தலைவர், தேத்தண்ணி ஆறுகிறது என்று கூட்டத்தை முடித்துவிட்டார். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைய மீட்டர்கள் நல்ல மீட்டர்கள். பழைய சாமான்தான் உசத்தி என்று புலம்புகிற ஆள் நான் இல்லை. ஆனால் ஐம்பதுகளின் நடுவில் ஒரு குடும்பம் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தெருவுக்குப் போகாமல் தடுத்தது, அவரைக்கொட்டை அளவு கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்த நியோன் வாயு. அதை எரிய வைத்தது என் படிப்பும் இல்லை, என் ஃபோர்மனின் அனுபவமும் இல்லை. தேயிலைக் கொழுந்துத் தூள் அள்ளிய ஒரு பெண்ணின் வாய்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கத்து லயமொன்றில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, மிச்சம் பதுளையில் மாமா வீட்டில் இருந்துகொண்டு. நாற்பத்தெட்டில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மோட்டார், வயரிங் வேலை செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். நாலு வருஷம் சாமான் தூக்கினேன், இரண்டு வருஷம் ஏணி பிடித்தேன், பிறகு வயர்மேன் ஆனேன்.

பட்டறையின் ஃபோர்மன் நவரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்தவர். கையை மணிக்கட்டு வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனை, பேனைக்குப் பக்கத்தில், கரண்ட் இருந்தால் சிவப்பாக எரியும் நியோன் டெஸ்டர். கத்திப் பேசவே மாட்டார். அவர் கோபத்தை மரியாதையில்தான் அளக்க வேண்டும். நல்ல மனநிலையில் இருந்தால் "தம்பி". சாதாரணமாக "நீர்". "நீங்கள்" என்று ஆரம்பித்தாரோ, தொலைந்தோம். ஒருமுறை நான் ஃபியூஸைக் கழற்றாமல் சுவிட்சைத் திறந்துவிட்டேன். "நீங்கள் தயவுசெய்து கொஞ்சம் வெளியிலை போய் நிக்கிறீங்களோ?" என்றார். அன்று சாயந்தரம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரிப்போர்ட் எழுதுவது அவருக்குப் பூசை மாதிரி. கை கழுவி, கண்ணாடி துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவார். "கண்டதை எழுதும், நினைச்சதை எழுதாதேயும்" என்பது அவர் சட்டம். அவர் ரிப்போர்ட் போனால் எந்தத் தோட்டத்துத் துரையும் மறுபேச்சுப் பேசுவதில்லை. கையெழுத்து வைத்த காகிதத்தை அவர் அதுவரை ஒருபோதும் திருத்தியதில்லை. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது, இரசாயனம். நியோன் மாதிரி எதனோடும் சேராதவற்றை இப்போது பள்ளிக்கூடத்தில் விழுமிய வாயு என்கிறார்கள். அவர் சடத்துவ வாயு என்பார். பஸ்ஸில் போகும்போது டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மூக்குக்கு நேரே பிடிப்பார்.

"இதுக்குள்ளை இருக்கிறவர் ஆர் எண்டு தெரியுமே?"

"நியோன் ஐயா."

"எங்கை இருந்து வந்தவர்?"

"காத்துல இருந்து ஐயா."

உடனே கதை தொடங்கிவிடும். லண்டனில் இரண்டு விஞ்ஞானிகள் காற்றைக் குளிரக் குளிர வைத்துத் தண்ணீர்போல் ஆக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிக்க விட்டு, எழுந்த ஆவியைத் தனித்தனியே பிடித்தார்களாம். ஒன்றைக் குழலில் அடைத்து மின்சாரம் விட்டதும் யாரும் அதுவரை பார்த்திராத சிவப்பு ஒளி எழுந்ததாம். புதியது என்ற பொருளில் கிரேக்கத்தில் நியோன் என்று பெயர் வைத்தார்களாம். ஐம்பதாயிரம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இருக்காதாம். இவ்வளவையும் பண்டாரவளை வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

"ஒருத்தரோடையும் சேராது தம்பி. இரும்போடை சேராது, ஒட்சிசனோடை சேராது. அதாலைதான் உள்ளுக்கை இருக்கிற தகட்டை அரிக்காமல் வருஷக்கணக்கா எரியுது. கம்பி சூடேற வேண்டியதில்லை. எறும்பு கடிக்கிறதிலும் குறைஞ்ச கரண்டு போதும், சிவந்திடும். அந்தக் கரண்டு உம்மடை உடம்புக்குள்ளாலை நிலத்துக்குப் போகுது, உமக்குத் தெரியாது."

நான் தலையாட்டுவேன். உடம்புக்குள்ளால் நிலத்துக்குப் போகிறது என்ற அந்த ஒரு வார்த்தையைக் காதில் ஒழுங்காக வாங்கியிருந்தால், பின்னால் அவ்வளவு பாவத்தைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதன் தொழிற்சாலையில் ரோலிங் ரூம் என்று ஒன்று. கொழுந்தை உருட்டும் இடம். உருட்டி வரும் கொழுந்துக் கட்டியை உதறிப் பிரிக்க, மோட்டாரில் ஆடும் நீளமான இரும்புச் சல்லடை மெசின் இருந்தது. அடியில் விழும் பச்சைத் தூளை அள்ளிக்கொண்டு போய்ப் பரப்புவது பெண்களின் வேலை. அந்த அறையில் காற்று ஈரமாகவே இருக்க வேண்டும் என்று சுற்றிலும் நனைத்த துணி தொங்கும். தரை எப்போதும் சொதசொதவென்று இருக்கும்.

மெசின் கடிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். கரண்ட் அடிப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார்கள் என்று துரையிடம் சொன்னார். பெண்களில் அங்கம்மா என்பவள் மட்டும் மெசின் பக்கம் போகவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவள் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள். துரை பட்டறைக்குக் கடிதம் எழுதினார், நாங்கள் இன்ன நாளில் வருகிறோம் என்று பதில் போட்டோம்.

வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனதுதான் வினை. எங்கள் மலையகத்தில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. ஐயாமார் வருகிறார்கள் என்றால் அறையை அடித்துக் கழுவி, உலர்த்தி, துடைத்து வைத்துவிடுவார்கள். அதோடு, கொழுந்துச் சாறு பட்டால் சப்பாத்தில் கறை பிடிக்கும் என்று, நாங்கள் நிற்கும் இடத்தில் காய்ந்த சாக்குகளை நாலாக மடித்து விரித்திருந்தார்கள். அந்தச் சாக்கின் மேல் நானும் ஃபோர்மனும் மாப்பிள்ளையும் தோழனும் மாதிரி ஏறி நின்றோம். எனக்கு அதில் கொஞ்சம் மிதப்புக்கூட இருந்தது. லயத்தில் பிறந்தவனுக்குச் சாக்கு விரிக்கிறார்கள் அல்லவா!

மெசினை நிறுத்தி, கைபிடி சுற்றும் சோதனைப் பெட்டியால் கம்பிகளின் காப்பு உறையைப் பார்த்தோம். நன்றாகக் காட்டியது. பிறகு வெறும் மெசினை ஓடவிட்டு, ஃபோர்மன் டெஸ்டரின் நுனியை இரும்பில் வைத்து, தலையில் பெருவிரலை அழுத்தினார். நியோன் எரியவில்லை. மூன்று இடத்தில் வைத்தார். எரியவில்லை. என்னிடம் தந்தார். என் கையிலும் எரியவில்லை. கை கழுவினார், கண்ணாடி துடைத்தார், நிமிர்ந்து உட்கார்ந்து 'பழுது எதுவும் காணப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். கீழே நானும் வைத்தேன். சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். டீமேக்கர் ஒரு முறை முறைத்தார், அடங்கிவிட்டாள்.

இரண்டு கிழமை கழித்து, பதுளை பஸ் நிலையத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை.

"நீங்கதானே எங்க தோட்டத்துக்கு மெசின் பாக்க வந்தவுக?"

"ஆமா."

"நான்தான் அங்கம்மா. தொழில் கந்தோருக்கு மனுக் குடுக்க வந்தேன். எனக்குப் பத்துச்சீட்டுக் குடுத்துட்டாங்க."

பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நீக்கும் சீட்டு. வேலை போனால் லயத்தில் குடியிருக்கும் காம்பிரா அறையும் போகும். மாசக் கடைசிக்குள் புருஷன், மூன்று பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும். சீட்டில் 'பொய் சொல்லி மற்றவர்களைத் தூண்டியவள்' என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டைப் பார்த்த எந்தத் தோட்டம் அவளைச் சேர்க்கும்?

"நான் என்னம்மா செய்ய? மெசின்ல ஒண்ணும் இல்லயே. ரெண்டு பேரும் பாத்தோம்" என்றேன்.

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். கண் என் காலில் போய் நின்றது.

"பாத்தீங்க. சப்பாத்துப் போட்டுக்கிட்டு, காஞ்ச சாக்கு மேல ஏறி நின்னுக்கிட்டுப் பாத்தீங்க. நாங்க சப்பாத்துப் போட்டா தூளு அள்ளுறோம்? வெறும் மெசின ஓட்டிப் பாத்தீங்க. நாங்க வெறும் மெசின்லயா வேல செய்யிறோம்? கொழுந்து ஏறி அது குலுங்கயிலதான் கடிக்கும். எங்க காலோட நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க, நான் பொய்க்காரின்னு."

பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். நடுப்பகல் வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் ஃபோர்மனின் பாடம் கேட்டவனுக்குத் தெரியாததா? ரப்பர் அடியும் சாக்கும் போட்டு, கரண்ட் நிலத்துக்குப் போகும் வழியை நானே அடைத்துவிட்டு, விளக்கு எரியவில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதையும் மீறிக் கொஞ்ச நஞ்சம் எரிந்திருந்தாலும், ஜன்னல் வெளிச்சத்தில் எங்கே தெரியப் போகிறது?

நேரே பட்டறைக்குப் போய் ஃபோர்மனிடம் சொன்னேன். அவர் மோட்டார் சுருள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? நான் பிழையா எழுதினனான் எண்டோ?"

"நீங்கள்" வந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன். "கண்டத எழுதினீங்க ஐயா. ஆனா சாக்கு மேல நின்னு கண்டத எழுதினோம். அந்தப் பொம்பள எந்தக் காலோட நின்னுச்சோ அந்தக் காலோட நாம பாக்கல. மாசக் கடைசிக்கு நாலு நாள்தான் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு முதல் பஸ்ஸிலை போறம். கடிதம் ஒண்டும் போடாதேயும். சாக்கு விரிச்சுப் போடுவாங்கள்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடித்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினோம். ரோலிங் ரூமில் வேலை மும்முரமாக நடந்தது. ஃபோர்மன் முதலில் துரையைக் கூப்பிட ஆள் அனுப்பினார், அடுத்தது அங்கம்மாவை. "அவ எதுக்கு?" என்றார் டீமேக்கர். "அவதானே முறைப்பாடு செய்தவ" என்றார் ஃபோர்மன். டீமேக்கர் சாக்கு எடுத்துவர ஓடினார். "வேண்டாம். ஒருதரும் சாக்கைத் தொடக்கூடாது" என்று தடுத்தார் ஃபோர்மன்.

துரையும் அங்கம்மாவும் வந்து சேர்ந்ததும், நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். பச்சைச் சாறு கலந்த ஈரத்தரையில் வெறுங்காலை வைத்ததும் சில்லென்று ஏறியது. நான் நடை பழகிய தரையே இப்படிப்பட்டதுதான். சப்பாத்துப் போட்டதும் அது எனக்கு எப்படி மறந்தது? டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொழுந்து ஏறட்டுங்க" என்றாள் அங்கம்மா பின்னாலிருந்து.

கட்டி கட்டியாகக் கொழுந்து வந்து விழுந்தது. சல்லடை கனத்தது, தடதடவென்று குலுங்கத் தொடங்கியது. என் பெருவிரலுக்குக் கீழே, அந்த அவரைக்கொட்டைக்குள், ஒரு சிவப்பு துடித்தது. அணைந்தது. மறுபடி துடித்து, அப்படியே நின்று எரிந்தது.

"எரியுது!" என்று கத்திவிட்டேன்.

"எனக்குத் தெரியல்லே" என்றார் துரை, தன் தோட்டத்துத் தமிழில். தெரியாதுதான், ஜன்னலெல்லாம் வெயில். அங்கம்மா, கொழுந்துக்காரிகள் மழைக்குப் போடும் கறுப்புக் கம்பளி ஒன்றைச் சுவரிலிருந்து எடுத்து வந்து என் தலைமேல் விரித்தாள். துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து கம்பளிக்குள் தலையை விட்டார். அந்த இருட்டில், ஒரு சாண் தூரத்தில், நானும் துரையும் நியோனைப் பார்த்தோம். எவ்வளவு அழகான சிவப்பு! அடுப்புக்கரி ஊதும்போது சிவக்குமே, அந்தச் சிவப்பு. உலகத்தில் எதனோடும் சேராத வாயு என்று ஃபோர்மன் சொன்னாரே, அன்றைக்கு அது எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டது.

ஃபோர்மன் அடுத்து என்னைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சாக்கில் ஏறச் சொன்னார். ஏறினேன். சிவப்பு இருந்த இடம் தெரியவில்லை. துரைக்கு இன்னும் சந்தேகம். என்னைத் தள்ளிவிட்டு நவரத்தினம் ஐயா தன் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தார். வெள்ளைக் கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்தார். அந்தச் சேற்றுப் பச்சையில் இறங்கி நின்று டெஸ்டரை வைத்தார், எரிந்தது. பிறகு ஆங்கிலத்தில் துரையிடம், நீங்களும் கழற்றிப் பாருங்கள், ஆனால் டெஸ்டரைத் தவிர எதையும் தொடாதீர்கள் என்றார்.

துரை கழற்றினார். டெஸ்டர் அவர் கையிலும் எரிந்தது. அத்தோடு விட்டாரா? இவ்வளவு சின்ன விளக்கு என்ன செய்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, புறங்கையால் மெசினைத் தட்டிவிட்டார். துள்ளினார் பாருங்கள்! வாயிலிருந்து வந்த ஆங்கில வார்த்தையை இங்கே எழுத முடியாது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாதது கடவுள் புண்ணியம்.

"மெசின் கடிக்குது" என்றார் துரை, கையை உதறிக்கொண்டே.

"அதத்தானுங்க ரெண்டு மாசமா சொல்றோம்" என்றாள் அங்கம்மா.

மெசினை நிறுத்திப் பிரித்தோம். மோட்டாருக்குப் போகும் கம்பி இரும்புக்குள் நுழையும் இடத்தில் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. சல்லடை கனத்துக் குலுங்கும்போது மட்டும் அது இரும்பில் பட்டிருக்கிறது. சத்தம் குறையட்டும் என்று மெசினுக்கு அடியில் யாரோ மரக்கட்டை வைத்திருந்தார்கள். அப்போது கழற்றிய எர்த் கம்பியைத் திருப்பிப் பூட்டவில்லை. இரும்பில் ஏறிய கரண்டுக்கு நிலத்துக்குப் போக அந்தப் பெண்களின் கால்தான் வழி. புதுக் கம்பி போட்டோம், எர்த் பூட்டினோம், அதோடு நிற்காமல் அங்கே இருந்த ஒவ்வொரு மெசினுக்கும் எர்த் பார்த்தோம்.

ஃபோர்மன் கை கழுவி, கண்ணாடி துடைத்து, பழைய ரிப்போர்ட் தவறு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் வாழ்நாளில் திருத்திய ஒரே காகிதம் அதுதான். துரை அதை இரண்டு தரம் வாசித்தார். டீமேக்கரைக் கூப்பிட்டு, மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குக் கூடும் இடத்தில், அங்கம்மா சொன்னது உண்மை என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்றார். பத்துச்சீட்டை வாங்கிக் கிழித்தார். அங்கம்மா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழுதது நான்தான்.

"சரி, போய் வேலையப் பாரு" என்றார் டீமேக்கர் அவளிடம், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவள் அசையவில்லை. என்னிடம் கை நீட்டினாள். "அந்த லைட்டக் குடுங்க. நானே பாக்குறேன்."

கொடுத்தேன். கொழுந்து ஏற்றி மெசினை ஓடவிட்டோம். வெறுங்காலோடு நின்று, நாங்கள் பிடித்த மாதிரியே பிடித்து வைத்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டும் பார்த்தாள். எரியவில்லை. எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். அவள் மட்டும் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, கரண்ட் இல்லன்னாலும் எரியாது, சரி. இந்த லைட்டே செத்துப் போயிருந்தாலும் எரியாதே. இது ரெண்டுல எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நவரத்தினம் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். "முதல் நாள் நாங்களும் இதைப் பாக்கேல்லை, அம்மா" என்றார். பத்துப் பேர் கேட்க, துரை கேட்க, அதைச் சொன்னார். பிறகு தானே சுவிட்சின் மூடியைத் திறந்து, கரண்ட் உள்ள முனையைக் காட்டி, விரலை எங்கே வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அவள் டெஸ்டரை அதில் வைத்தாள். நியோன் பளிச்சென்று சிவந்தது. சட்டென்று திரும்பி மெசினில் வைத்தாள். இல்லை. மறுபடி சுவிட்சில். சிவப்பு.

டெஸ்டரை என் கையில் தந்தாள். சேலையை வரிந்து கட்டினாள். தூள் அள்ளும் தட்டை எடுத்துக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் போய், இரும்பில் உள்ளங்கையை முழுசாகப் பதித்து நின்றாள்.

"இன்னுங் கொஞ்சம் கொழுந்து போடச் சொல்லுங்க" என்றாள் டீமேக்கரிடம்.

அவர் போடச் சொன்னார்.